இடது பக்கம் நாற்பத்தேழு கிலோ

இடது பக்கம் நாற்பத்தேழு கிலோ கூடுதலாகக் காட்டியது.

எழிலரசி தராசுகளை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். காரின் நாலு சக்கரங்களுக்கும் அடியில் ஒவ்வொரு தட்டைத் தராசு. நாலிலிருந்தும் ஒயர் ஓடி, சுவரில் மாட்டிய பெட்டியில் எண்களாகத் தெரியும். ரேஸுக்குப் போகிற வண்டி இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும். உள்ளே யாரும் இல்லை. டிக்கியில் ஒரு ஸ்பேனர்கூட இல்லை. இருந்தும் அதே நாற்பத்தேழு.

"தராசு லூசா கீதும்மா," என்றார் ஹுமாயூன். பூந்தமல்லிக்காரர், நசுங்கிய தகடு எதுவானாலும் தட்டியே நேராக்கிவிடுவார். இரண்டு வருஷமாக இந்த வண்டியில் அவளுக்கு ஒரே கூட்டாளி.

"காலைல உங்களையே நிக்க வெச்சுப் பாத்தேனே பாய். எழுபத்திரண்டு. உங்க வீட்டுத் தராசும் அதைத்தானே சொல்லுது?"

நசரத்பேட்டை ஷெட்டில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. கார்த்திகை மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டியது, பெங்களூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போதெல்லாம் சுவரில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கின, அந்தச் சத்தம் அடங்கிய இடைவெளியில் காருக்குள் இடது சீட்டின் ஸ்பிரிங், நெடுநேரம் உட்கார்ந்தவர் காலை மாற்றிப் போட்டதுபோல், மெல்ல ஒரு தடவை முனகியது. பெயிண்ட், பெட்ரோல் வாசனைகளுக்கு நடுவே முகப் பவுடர் வாசனை. அவள் பவுடர் போடுவதில்லை.

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவள் அவள். அப்பா ஓட்டினார், அண்ணன் ஓட்டினான், பிறகு புருஷன் ஜெகதீஷ் ஓட்டினான். பதினேழு வருஷம் இடது சீட்டில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாரு" என்றால் பார்த்துச் சொன்னதுதான் அவள் ஓட்டிய வண்டி. ஜெகதீஷைவிட்டு வந்த அன்று ஒரே சபதம்தான் எடுத்தாள். இனி செத்தாலும் இடது பக்கம் உட்கார மாட்டேன். அம்பத்தூர் ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் இந்தச் சிவப்பு ரெண்டு சீட்டருக்குத்தான் போனது. அறுபது வருஷத்து வண்டி, துருவிலிருந்து எழுந்து வந்தது. முன்னால் டிஸ்க் பிரேக், கவிழ்ந்தாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் கூண்டு, அவள் உடம்புக்கென்று அளந்து செய்த டிரைவர் சீட். ரோட்டில் போகவும் வேண்டும் என்பதால் இடது சீட்டை மட்டும் பழசாகவே விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் முதல் ஓட்டம்.

வண்டியை விற்றவர் திருநின்றவூர் மனோகரன். சாவியைக் கொடுத்தபோது, கேட்காமலே சொன்னார்.

"என் சம்சாரம் மங்களத்துக்கும் ஓட்டணும்னு ஆசைம்மா. நான் தொட விட்டதில்ல. ஒரு நாள் ஏரிக்கரையில நிறுத்திட்டு டீ வாங்கப் போனேன். வந்து பாத்தா, பஸ்ல இடம் பிடிக்கிற மாதிரி என் சீட்ல கர்சீப் போட்டு வெச்சிருக்கா. சிரிச்சுக்கிட்டே எடுத்து அவ மடியில போட்டேன். அவ சிரிக்கல. அப்பவே உயிர் போயிருந்துது."

பாவம் என்று தோன்றியது. வண்டியை வாங்காமல் விடுகிற அளவுக்குத் தோன்றவில்லை.

அந்தக் கர்சீப் போன வாரம்தான் கிடைத்தது, இடது சீட்டுக்கு அடியில். ஓரத்தில் ரோஸ் நூல் பூ. எழிலரசியின் கையில் அப்போது எஞ்சின் ஆயில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்தாள். வேஸ்ட் துணி பக்கெட்டில் போட்டாள். யாருடையது என்று தெரிந்தேதான் போட்டாள்.

இப்போது காரின் பக்கம் குனிந்து, "இறங்கு" என்றாள்.

"யாராண்ட பேசுற?"

"ஒண்ணுமில்ல பாய்."

"எழில்மா, வம்பு வோணாம். நாளைக்கு பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கூட்டாந்து ஓதிடலாம். அப்பால பாத்துக்கலாம்."

"சீட்டு இருந்தாத்தானே உக்காருவாங்க? கழட்டிடலாம்."

நாலு போல்ட். மூன்றாவது மட்டும் அடம் பிடித்தது. அவள் அதைவிட அடம் பிடித்தாள். பதினொரு கிலோ சீட்டை இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார்கள், அது ஒரு ஆளைச் சுமக்கிற கனம் கனத்தது. கார்க் கதவைத் தாண்டுகிற கணத்தில் சட்டென்று லேசானது. ஹுமாயூன் தடுமாறிச் சுவரில் சாய்ந்தார்.

எழிலரசி சிரித்தாள். "இறங்கிட்டாங்க பாய்."

பெட்டியைப் பார்த்தாள். இடது பக்கம் கூடியிருந்த நாற்பத்தேழு போய்விட்டது.

வலது பக்கம் நாற்பத்தேழு கூடியிருந்தது.

மழை நின்றது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். பவுடர் வாசனை. அவள் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள்.

டிரைவர் சீட்டில் கர்சீப். நாலாக மடித்து வைத்திருந்தது. ரோஸ் நூல் பூ. நடுவில் ஆயில் கறை. அவளுடைய ஐந்து விரல்.

ஓடிவிடலாம். ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, யாரோ ஒருவருக்கு வந்த விலைக்கு விற்றுவிடலாம். மறுபடி யாருடைய வண்டியிலாவது இடது பக்கம் ஏறிக்கொள்ளலாம்.

மாட்டேன்.

எத்தனை பஸ்ஸில் எத்தனை கர்சீப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதையும் எடுத்தாள். ஈரமாக, உடம்புச் சூட்டோடு இருந்தது. தரையில் எறிந்தாள்.

"இது என் வண்டி," என்றாள். குரல் உடையவில்லை. "பாய், நான் ஏறுறேன். நம்பர் சொல்லுங்க. என் வெயிட் அறுபத்தொண்ணு."

ஏறினாள். உட்கார்ந்தாள். சீட் குளிர்ந்து கிடந்தது. பிறகு அது சீட் இல்லை. ஒரு மடி.

எழுந்திருக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"வலது பக்கம் அதே நாப்பத்தேழுதாம்மா," ஹுமாயூனின் குரல். "இடது பக்கம்தான் ஏறிகினு போவுது. அம்பது. அம்பத்தஞ்சு. அறுபத்தொண்ணு. அந்தாண்ட சீட்டே இல்லியே?"

கண்ணைத் திறந்தாள்.

கையில் ஸ்டியரிங் இல்லை. தொடைக்கு அடியில் வெறும் தகடு, நாலு போல்ட் ஓட்டைகள். வலது பக்கம், அவள் அளந்து செய்த சீட்டில், ஒரு பெண் நிதானமாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கூந்தல் பறக்காமல் கர்சீப்பைத் தலையில் கட்டியிருந்தாள். நெற்றிக்கு மேல் ஐந்து விரல் கறை.

"பாய்!"

ஹுமாயூன் வலது ஜன்னலில் குனிந்தார். அவர் முகம் தெளிந்தது. "இங்கதான் குந்திகினு கீறியா எழில்மா? பயந்தே பூட்டேன். அப்போ தராசுதான் லூசு."

"பாய், இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன்."

அவர் பார்வை இடது பக்கம் வந்தது. வெறும் தகட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

டிரைவர் சீட்டிலிருந்து ஒரு கை உயர்ந்து ஷட்டரைக் காட்டியது. "சரிம்மா, ஒரு ரவுண்டு போய்ட்டு வா," என்று அவர் தூக்கப் போனார். சாவி திரும்பியது. இரண்டு வருஷ உழைப்பு, ஒரே திருப்பலில் உறுமி எழுந்தது.

கியர் விழுந்தது. சக்கரங்கள் தராசிலிருந்து இறங்கின.

நெடுஞ்சாலை விளிம்பு. ஈரம். லாரி வெளிச்சம். ஓட்டுகிறவள் சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல், பழகிய குரலில் சொன்னாள்.

"அந்தப் பக்கம் வண்டி வருதான்னு பாரு."

எழிலரசி பார்க்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். அது முழுக்க மேலே வந்தது. வண்டி நிற்கவில்லை. அவளும் விடவில்லை. இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.