மதிலிலிருந்து வந்த கல்

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம். ஒரு வார லீவு முடிந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் பஸ்ஸை விட்டிறங்கி, பனியில் கால் புதைய நடந்துவந்து, சிவநேசம் பேராசிரியர் சந்திரமௌலி வீட்டு மணியை அடித்தாள். அவருடைய நாலு வயது மகள் ஹம்சினியைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

"மூணு நாளா ஒரு பருக்கை தொடலைக்கா. டாக்டருக்கும் ஒண்ணும் புரியலை," என்று கதவைத் திறந்த அவர் மனைவி உஷா அழுதாள்.

வெளியே உறைபனி. வீட்டுக்குள்ளோ கடல் மணத்தது.

பூஜை அலமாரியில் புதிதாக ஒரு கறுப்புக் கல். நெற்றியில் விபூதிப் பட்டை. அதன் எதிரே ஹம்சினி இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதென்ன சேர்?" என்று பேராசிரியரைக் கேட்டாள்.

"ஹவாய் மாநாட்டுக்குப் போனேனே, அங்கத்துப் பூர்வகுடிகளோட ஒரு பழைய கோயில். ஊர்க்காரங்க சனிக்கிழமைதோறும் களை பிடுங்கி, சரிஞ்ச மதிலை எடுத்துக் கட்டறாங்க. நானும் கூடமாட உதவினேன். அதுல இருந்த இந்தக் கல் லிங்கம் மாதிரியே இருந்துது, எடுத்துட்டு வந்தேன். தினமும் பாலபிஷேகம் பண்றோம்."

"கேட்டே எடுத்தனீங்கள்?"

"இல்லை, யாரையும் கேக்கலை," என்றார் சந்திரமௌலி.

"எங்கட கோயில் மதிலிலை கல்லைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆரும் பால் வாத்தா, எங்கட சாமி பேசாமல் இருக்குமே?"

சிவநேசம் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

கல்லின் குளிர்.

கல்லைத் தொட்டாள்.

காய்ச்சல்காரப் பிள்ளையின் சூடு.

"முருகா!"

அன்று பின்னேரமே, ஹம்சினியின் நிலையையும் சொல்லி, அந்த ஊர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுச் சந்திரமௌலியை ஒரு கடிதம் எழுதவைத்தாள். கல்லைக் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். துணி மெல்ல விம்மித் தணிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூடியை ஒட்டினாள்.

பொதி போன மறுநாள் ஹம்சினி எழுந்து சோறு கேட்டாள். உஷா கோயிலில் நூறு தேங்காய் உடைத்தாள்.

மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. சந்திரமௌலி வாசித்து, தமிழில் சொன்னார்.

"கல்லை அதோட இடத்துல வச்சுட்டாங்களாம். அப்புறம்..." அடுத்த வரியை மறுபடி பார்த்தார். "'அன்னியிலிருந்து ஒரு சின்னப் பொண்ணு மதில் ஓரமா நிக்கிறா. உங்க கடிதத்துல இருக்கற பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கறா. இருட்டுல பயப்படாம இருக்க விளக்கு வைக்கிறோம். சாப்பாடும் வைக்கிறோம். எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?'"



சமையலறையில் ஹம்சினி நாலாவது தடவையாகத் தட்டை நீட்டினாள்.

சிவநேசம் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்; ஹம்சினியின் பார்வை அதில் இல்லை. ஆனாலும் சோறு போட்டாள். ஆர் பெற்ற பிள்ளையென்றாலும் பசி பசிதானே.