படுக்க வைத்து எடுத்த படம்

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவன் எக்ஸ்ரே மேசைக்குக் கீழே கிடந்தான்.

ஜெஸ்டன். இருபத்தாறு வயது. ஊர் பாகாயம். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருந்த அந்த முதுகெலும்பு மையத்தில் படம் எடுப்பது அவன் வேலை. முதுகு வளைந்த பிள்ளைகள் உடம்பில் கட்டும் பெல்ட்டின் பட்டை ஒன்று, அவன் கழுத்தில் இறுகிப் போயிருந்தது...

மணி காலை பத்தரை.

இன்ஸ்பெக்டர் முபஷ்ஷிரா போனை எடுத்தார்.

"தம்பி, எத்தினி தபா அடிக்கறது? எம் பொண்ணு படத்தைப் பத்தி இன்னாமோ சொல்லணும்னியே... இன்னா அது?"

"நீங்க யாரு?"

"அருணகிரி. தோல் பதனிடற டேனரில வேலை. பொண்ணு ஹேமலதாவுக்கு அங்கதான் வைத்தியம். நீ யாரும்மா?"

"போலீஸ். பொண்ணைக் கூட்டிட்டு உடனே வாங்க."

அரை மணியில் வந்தார்கள். பதினாலு வயது ஹேமலதா, அவள் அப்பா, கூடவே அப்பாவின் தோஸ்த் சம்பத். அதே டேனரியில் மேஸ்திரி. வேனை ஓட்டி வந்தவன் அவன்தான்.

உடலைப் பார்த்ததும் சம்பத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நல்ல பையன் மேடம். யாரு இப்படிப் பண்ணது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க எதுக்கு இங்க வருவீங்க?"

அருணகிரி குறுக்கே வந்தான். "எங்க யாருக்கும் லீவு கிடைக்காது மேடம். ஒரு நாள் நின்னா மேஸ்திரி முறைப்பான்... இவனைச் சொல்லல. டேனரிக்காரங்க பிள்ளைங்க அறுபத்தோரு பேரையும் சம்பத்துதான் வேன்ல கூட்டிட்டு வருவான். பெல்ட்டுக்கு உள்தோல் வெச்சுத் தைக்கறதும் இவனோட சொந்த ஷெட்டுலதான். இவன் பொண்ணும் அந்த அறுபத்தொண்ணுல ஒருத்தி."

மையத்தின் டாக்டர் இன்பம் வியர்த்துக்கொண்டே இரண்டு படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"இது ஹேமலதாவோடது. பெல்ட் கட்டறதுக்கு முன்னாடி வளைவு முப்பத்தெட்டு டிகிரி. ஒன்றரை வருஷம் கழிச்சு இருபத்தாறு. அதான் ஆறு மாசம் முன்னாடி பெல்ட்டைக் கழட்டச் சொன்னேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் குறைஞ்சிருக்கு மேடம். அடுத்த மாசம் இந்த ஆராய்ச்சி முடிவை வெளியிட்டா, ஊரெல்லாம் இந்த பெல்ட்டுதான்."

அருணகிரி படத்தின் அருகே போனான். இருபது வருஷமாகத் தோல் அளந்த கண்.

"டாக்டர் சார், ரெண்டாவது படத்துல தோள் ரெண்டும் சமமா இருக்கு."

"ஆமா."

"எம் பொண்ணைத் திரும்பிப் பாருங்க."

பார்த்தார்கள். சுவர் ஓரம் நின்ற ஹேமலதாவின் வலது தோள் இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

"எங்க செக்‌ஷன்ல ஈரத்தோலைச் சட்டத்துல கிளிப் போட்டு இழுப்போம் மேடம். இழுத்த கையோட அளந்தா ஜாஸ்தி காட்டும். ஒரு நாள் விட்டா சுருங்கிடும். அதுபோலத்தான் இருக்கு இந்தப் படம். இழுத்து எடுத்த படம்."

டாக்டரின் முகம் வெளுத்தது.

"நிக்க வெச்சுத்தான் எடுக்கணும், அதான் முறை. படுக்க வெச்சு இழுத்தா வளைவு குறைஞ்சு தெரியும். ஆனா எனக்குப் படம் மட்டும்தானே வரும்..."

"வேற எதையும் பாக்க மாட்டீங்களா?" என்றார் முபஷ்ஷிரா.

"கேள்வித்தாள் உண்டு. பிள்ளைங்களே எழுதறது. ஹேமலதா 'வலி ஜாஸ்தி'ன்னு எழுதியிருந்தா. நாங்க... படத்தை நம்பினோம்."

"பொண்ணை நம்பல."



முபஷ்ஷிரா ஹேமலதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ரெண்டாவது படம் எப்படி எடுத்தாங்க கண்ணு?"

"படுக்க வெச்சு. இழுத்துப் பிடிச்சாங்க."

"யாரு?"

"தலைப்பக்கம் ஜெஸ்டன் அண்ணா."

"கால்பக்கம்?"

அவள் தரையைப் பார்த்தாள். "சம்பத் மாமா."



"சின்னப் பொண்ணு மேடம்... பயத்துல உளறுது" என்றான் சம்பத்.

"உளறல. 'உங்கப்பன் சொல்லித்தான் செய்யறோம், அவனையே போய்க் கேட்டு வெக்காதே, அப்பத்தான் பெல்ட்டு கழலும்'னீங்க. வெயில்ல அது கட்டிக்கிட்டு இருக்க முடியல மாமா. நான் வாயை மூடிக்கிட்டேன்."

அருணகிரி தோஸ்த்தைத் திரும்பிப் பார்த்தான். கோபம் இன்னும் வரவில்லை. வர வழி தெரியாமல் எங்கோ நின்றிருந்தது.

"என் பேரைச் சொல்லியாடா இழுத்தே?"

"கையைக் காட்டு" என்றார் முபஷ்ஷிரா.

சம்பத் காட்டவில்லை. ஏட்டு பிடித்து விரித்தார். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரு சிவந்த கோடு. ஒரே அகலம். பட்டையின் அகலம்.

"வேலை செய்யற கை மேடம். கிளிப் கிழிச்சது."

"கிளிப் ரெண்டு கையிலயும் அளவெடுத்து கிழிக்குதா?"

சம்பத் சுவரில் சாய்ந்தான்.

"பெல்ட்டு வித்தாத்தான் ரெண்டு பேருக்கும் காசுன்னு சேர்ந்துதான் இழுத்தோம். அவன் நேத்து மாறிட்டான் மேடம். எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன்னான். என் ஷெட்டு, பெல்ட்டு ஆர்டரு, எல்லாம் போச்சுன்னு காலையில ஓடி வந்தேன். ஒரு கவரை நீட்டி 'அண்ணே, உங்க பொண்ணு'ன்னு ஆரம்பிச்சான். எம் பொண்ணை இழுத்து மிரட்டறான்னு நினைச்சேன். பேசவே விடல..."

"அந்த கவர் இதுதான். அவன் முதுகுக்குக் கீழ இருந்தது."

உள்ளே இரண்டு படங்கள். போன வாரம் ஜெஸ்டன் யாருக்கும் தெரியாமல் நிற்க வைத்து எடுத்தவை. டாக்டர் முதல் படத்தில் கோடு போட்டு அளந்தார்.

"ஹேமலதா. நாற்பத்தாறு. ஆபரேஷன் வேணும். ஆனா இன்னும் நேரம் இருக்கு."

அருணகிரி மகளின் ஏறிய தோள் மீது கை வைத்தான். எடுக்கவில்லை.

"ரெண்டாவது யாரோடது?" என்றார் முபஷ்ஷிரா.

டாக்டர் பெயரைப் படித்தார். சம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பொண்ணோடது."

"அவளுக்கு இருபத்து நாலு டிகிரிதானே சார்? அவ படம் நிஜம். அவ காலை நான் தொடவே இல்ல. ஊரான் பிள்ளைங்களைத்தான்..." சொல்லவந்தவன் நிறுத்திக்கொண்டான்.

கவரில் ஒரு துண்டுத்தாள். ஜெஸ்டனின் கையெழுத்து. முபஷ்ஷிரா வாசித்தார்.

"'அண்ணே, உங்க பொண்ணுக்கு மட்டும் குறையலன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு, நீங்க டீ குடிக்கப் போனப்ப வாட்ச்மேனை வெச்சு இழுத்து எடுத்தேன். மன்னிச்சுக்கோங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.'"

"எத்தினி டிகிரி சார்?" என்றான் சம்பத்.

"ஐம்பத்தெட்டு."

சம்பத் அழுதான். விலங்கு மாட்டும்போது ஒரு முறை நிமிர்ந்தான்.

"அருணகிரி... அவளை யாருடா கூட்டிட்டுப் போவா?"

அருணகிரி மகளைப் பார்த்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன். உனக்காக இல்ல."

சம்பத் அப்படியே தரையில் சரிந்து படுத்துவிட்டான். ஏட்டு இழுத்தும் எழவில்லை.

முபஷ்ஷிரா தொப்பியை எடுத்து மாட்டினார்.

"எழுந்திருய்யா. ஸ்டேஷன்ல உன்னைப் படம் எடுக்கணும்... எங்க ஊர்ல நிக்க வெச்சுத்தான் எடுப்போம்."