காலி பேக்கேஜ்

விசிறியை ஓட்டும் மென்பொருள் பேக்கேஜை ஏற்றச் சொன்னால் கம்ப்யூட்டர் முதலில் மூடிக்கான பேக்கேஜைக் கேட்டது. மூடிக்கானதை ஏற்றச் சொன்னால் முதலில் விசிறிக்கானதைக் கேட்டது. லினக்ஸ் போடுகிறவர்கள் தினமும் மல்லுக்கட்டும் சங்கதிதான். ஆனால் இரண்டையும் எழுதியவள் அவளே. ஒன்று இன்னொன்றைக் கேட்கும்படி அவள் எழுதவில்லை.

இரண்டையும் இயக்கிவந்த பழைய கம்ப்யூட்டர் செத்ததும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி தானாக இறங்கிப் பூட்டிக்கொண்டது, காற்று விசிறியும் நின்றது. உள்ளே பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டர் அவளுடைய அண்ணன். மூடியை அறுக்க ஆள் கூட்டிவர ஃபோர்மேன் ஓடியிருந்தார். வர ஒரு மணி நேரமாகும். உள்ளே இருக்கும் காற்று அதுவரை தாங்காது. அதற்குள் வேறொரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியாக வேண்டும்.

"என்ன பாப்பா, ஊரு கம்ப்யூட்டரையெல்லாம் சரி பண்றவ, கூடப் பொறந்தவனைப் போட்டு வேகவைக்கிற?" சுவரிலிருந்த ஸ்பீக்கரில் அண்ணன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"வாயை மூடு அண்ணே. பேசினா மூச்சு செலவாகும்."

பம்பு அறையில் துருவும் கருகிய பெயின்ட்டும் நாறின. எந்நேரமும் காதை அடைக்கும் விசிறியின் இரைச்சல் இல்லாததால், குழாயில் எங்கோ சொட்டும் தண்ணீரும் ஸ்பீக்கர் வழியே வரும் அவன் மூச்சும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலக் கேட்டன.

இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஒரு திருட்டு வழி உண்டு. கேட்கிற பெயரில் ஒரு காலி பேக்கேஜைச் செய்து உள்ளே தள்ளிவிடுவது. பெயர் இருக்கும், சரக்கு இருக்காது. கம்ப்யூட்டர் பெயரைப் பார்த்துத் திருப்தியாகிவிடும். மூடியின் பெயரில் ஒன்று செய்து தள்ளினாள். ஏற்றுக்கொண்டது.

பிறகு இன்னொன்றைக் கேட்டது.

அண்ணனின் பெயர். தொழிற்சாலைப் பதிவேட்டில் இருப்பது அல்ல. வீட்டில் மட்டும் கூப்பிடுவது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் யாருமில்லை.

"பாப்பா." குரல் தேய்ந்திருந்தது. "கண்ணு இருட்டுது."

"ரெண்டே நிமிஷம் அண்ணே! படுத்துக்கோ. தரையோட படு."

ஸ்பீக்கரில் மூச்சு மட்டும். இழுத்து இழுத்து.

யோசிக்க நேரமில்லை. கை பழகிய வேலையைச் செய்தது. அந்தப் பெயரிலும் ஒரு காலி பேக்கேஜ். தள்ளினாள்.

திரையில் வரிகள் ஓடின. விசிறிக்கானது ஏறியது. மூடிக்கானது ஏறியது. கடைசியில் ஒரு வரி நின்றது. புதிது ஏறும்போதெல்லாம் வருகிற வரிதான், ஆயிரம் தடவை படிக்காமல் தாண்டியிருக்கிறாள்.

அதே பெயரில் முன்பு இருந்தது நீக்கப்பட்டது.

ஸ்பீக்கரில் மூச்சு நின்றது.

விசிறி உறுமிக்கொண்டு சுழன்றது. அந்தப் பக்கம் மூடி கிறீச்சிட்டு மேலெழுந்தது. அவள் ஓடினாள். முட்டியில் குழாய் இடித்தது. வலிக்கவில்லை.

"அண்ணே!"

"வந்துட்டேன் பாப்பா."

அதே குரல். இருமல் இல்லை. களைப்பு இல்லை. ஏணியில் பூட்ஸ் சத்தம், ஒவ்வொரு படியாக. முதலில் வெல்டிங் முகமூடி மேலே வந்தது. பிறகு தோள். பிறகு தோல் கையுறை ஏணியின் கம்பியைப் பிடித்தது.

கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அதன் வழியாக ஏணியின் கம்பி தெரிந்தது.

முகமூடி நிமிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தொட்டியின் அந்தப் பக்கச் சுவர்.

"கை குடு," என்றது.

அவள் பின்வாங்கவில்லை. கால் வரவில்லை. கையுறை எட்டி அவள் விரல்களைப் பற்றியது. பொசபொசவென்று அமுங்கியது, உள்ளே ஒன்றுமில்லாமல்.

பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.