வெள்ளை வண்டியில் சுக்கர்

ரியாத்தின் புதுப் பூங்கா எவ்வளவு பெரிது தெரியுமா? இந்த முனையில் நின்று தும்மினால் அந்த முனையில் மறுநாள்தான் கேட்கும். வண்டி நிறுத்தும் இடமோ அதைவிடப் பெரிது!

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்தும் வெயில் அடங்கவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வருவதாகப் போன் வந்ததால் ஷதாவின் குடும்பம் அவசரமாகக் கிளம்பியது. அப்பா கம்பளத்தைச் சுருட்டினார். அண்ணன் நவ்வாஃப் பூனைக்கூடையோடு முன்னால் ஓடினான். கூடைக்குள் ஷதாவின் செல்லப் பூனை சுக்கர்.

வண்டியருகே வந்து பார்த்தால் கூடையைக் காணோம்!

"சுக்கர் எங்கடா?" என்றாள் ஷதா.

"கதவு திறந்திருந்துச்சு. பின் சீட்டுல வெச்சேன்."

"எந்த வண்டியில?"

"வெள்ளை வண்டியில."

ஷதா சுற்றிப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே வெள்ளை வண்டிகள்!

அவள் ஒவ்வொரு கண்ணாடியாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அதோ, கூடை! ஆனால் கதவு இப்போது தானாகவே பூட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. உள்ளே சுக்கர் நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கியது.

"அப்பா, சீக்கிரம்! அது செத்துடும்!"

"கண்ணாடிய உடைச்சிடறேன்" என்று அப்பா கல் தேடினார். பாலைவன ஊரில் ஒரு கல்கூடக் கிடைக்கவில்லை. எங்கு பார்த்தாலும் புல்!

"வண்டிக்காரரத் தேடறேன்" என்றான் நவ்வாஃப்.

"இத்தனை கூட்டத்துல எங்க தேடுவ? அவரே வருவாரு பாரு!"

ஷதா வண்டியின் பின்பக்கம் தொற்றி ஏறித் தங்கு தங்கென்று குதித்தாள். வண்டி அலறத் தொடங்கியது. ஒட்டகமே காதைப் பொத்திக்கொள்ளும் அலறல்!

புல்வெளி முழுவதும் காபிக் கிண்ணங்கள் கீழே இறங்கின.

"என் வண்டிதான்!"

"போய்யா, அது என்னோடது!"

ஊரே சாவியைத் தூக்கி அமுக்கியது. வண்டிகள் எல்லாம் 'கீக் கீக்' என்று கண் சிமிட்டின. சுக்கர் இருந்த வண்டியும் சிமிட்டியது. டக்! பூட்டு திறந்தது.

ஷதா பாய்ந்து கூடையை வெளியே எடுத்தாள். அப்பா உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றினார். சுக்கர் மடமடவென்று நக்கிக் குடித்துவிட்டு, "மியாவ்!" என்று நவ்வாஃபைத் திட்டியது. எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

ஒரு குண்டு மனிதர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என் வண்டியில திருடனா?"

"இல்ல மாமா, விருந்தாளி" என்றாள் ஷதா, பூனையைக் காட்டி.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "விருந்தாளிய வெறும் வயித்தோட அனுப்பலாமா?" என்று சுக்கருக்குக் கோழித்துண்டு கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அவர்களை விட்டார்.

அன்றே ஷதா தன் சிவப்புத் தலைநாடாவை அவிழ்த்து அப்பாவின் வண்டிப் பக்கக் கண்ணாடியில் கட்டினாள். "இனிமே நம்ம வண்டி தெரியும்ல?"

குண்டு மாமா அதைப் பார்த்துவிட்டார். அவர் யார் யாரிடம் சொன்னாரோ! அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால், எல்லா வெள்ளை வண்டியிலும் சிவப்பு நாடா.

நவ்வாஃப் திருதிருவென்று விழித்தான். ஷதா கவலைப்படவே இல்லை. பூனைக்கூடை அவள் கையில் பத்திரமாக இருந்தது.