காரணத்தைச் சரியாக எழுதுங்கள்

அறிவிப்பைப் படித்ததும் மிளகுக்கு இரண்டு காதும் சூடாகிவிட்டன.

லிப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அது ஒட்டியிருந்தது. "கீழ்த்தளப் பொது அறையில் வரும் ஞாயிறு முதல் இசைப் பயிற்சி கூடாது. காரணம்: தாங்க முடியாத சத்தம். இப்படிக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளர்."

அந்த அறையில் இசைப் பயிற்சி செய்வது ஒரே ஒரு குழுதான். மிளகின் அக்காவுடையது.

மிளகுக்குப் பதினொரு வயது. ஆள் சிறிது, பேச்சில் காரம். அதனால் அவளுடைய சொந்தப் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அக்காவுக்குப் பதினெட்டு. அச்சகத்தில் காலை ஷிப்ட் வேலை. முடிக்கு ஊதாச் சாயம். கறுப்பு ஜாக்கெட் முழுவதும் அவளே தைத்த ஒட்டுத் துணிகளும் வரிசை வரிசையாக ஊக்குகளும். அக்கா டிரம்ஸ் வாசிப்பாள், அவள் தோழி பாடுவாள், நெட்டையாக இருக்கும் ஏணி அண்ணன் கிட்டார். மூவருக்கும் பங்க் இசை என்றால் உயிர். வேகமான, கோபமான இசை அது.

"கிழிஞ்சதை மறைக்கக் கூடாது, ஊக்கு குத்திக் காட்டணும். மூணே மூணு மெட்டுதான் தெரியுமா? பரவாயில்லை, மேடை ஏறிடணும். அதான் பங்க்" என்று அக்கா ஒருமுறை விளக்கியிருந்தாள்.

இன்னும் மூன்று வாரத்தில் நூலக முற்றத்தில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. இந்த அறையை விட்டால் பயிற்சிக்கு வேறு இடம் கிடையாது.

மிளகு படிகளில் தடதடவென்று ஏறி வீட்டுக்கு ஓடினாள். அம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஊரோட ஒத்துப் போகணும்டி" என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. "அந்த முடியை மட்டும் கறுப்பாக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சத்தம்னுதானேம்மா எழுதியிருக்கு? முடி எப்பம்மா சத்தம் போட்டுச்சு?"

அம்மா ஒரே சட்டையை இரண்டாவது முறை மடித்தாள்.

உள்ளே அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஜாக்கெட். ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒண்ணுமில்ல. வெயிட்டா இருக்கு."

பொய். அந்த ஜாக்கெட்டை அவள் எட்டு மாதமாகத் தைத்தாள். அழுகைதான் வரும் என்று மிளகு நினைத்தாள். வந்தது கோபம்.

'சத்தம்தானே காரணம்? சரி. அளந்து பார்த்துடலாம்.'

அம்மாவின் பழைய போனில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை இறக்கினாள். அது டெசிபல் கணக்கில் காட்டும். எண் கூடக் கூடச் சத்தம் அதிகம். கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிகளில் நாலாவது படியைப் பிடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் அதே படி, அறைக் கதவு மூடியிருக்கும்போது மட்டும். இல்லாவிட்டால் அநியாயமாகிவிடும்.

மூன்றரை மணிக்கு அக்கா குழு: எழுபத்து நாலு.

இரவு எட்டு மணிக்கு டேபிள் டென்னிஸ் ஆடும் பெரியவர்கள், 'அவுட்டா இல்லையா' சண்டையோடு சேர்த்து: எழுபத்து ஒன்று.

காலை ஏழரைக்குச் செயலாளரே நடத்தும் உடற்பயிற்சி வகுப்பு, பாட்டும் "ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்ற அவருடைய கத்தலும் சேர்த்து: எழுபத்தொன்பது.

படியில் மேலே வந்த செயலாளர் மிளகின் பக்கத்தில் நின்று ஒரு தும்மல் போட்டார். எண்பத்தெட்டு.

"இங்க என்னம்மா பண்ற?" என்று கேட்டார், மூக்கைத் துடைத்தபடி.

"ஆராய்ச்சி அங்கிள்."

தும்மலை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அது அவர் வேண்டுமென்றே செய்தது இல்லையே.

ஆனால் எண் மட்டும் போதாது. சத்தத்தால் நிஜமாகவே கஷ்டப்படுகிறவர் யாராவது இருந்தால்? மிளகு வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டாள். பலர் தோளைக் குலுக்கினார்கள். சிலர், "அந்தப் பசங்களைப் பார்த்தாலே பயமா இருக்கு" என்றார்கள். "அவங்க உங்களை என்ன செஞ்சாங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் செய்யல" என்றார்கள்.

கீழ்த்தள அறைக்கு நேர் மேல் வீட்டில் இருக்கும் நர்ஸ் கதவைத் திறந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எனக்கு ராத்திரி டியூட்டி கண்ணு. காலைல ஏழு மணிக்கு வந்து படுப்பேன். உடனே ஒண்ணு ரெண்டு மூணுன்னு ஆரம்பிக்கும். அது முடிஞ்சு கொஞ்சம் அசந்தா, மூணரைக்கு டம டமன்னு உங்கக்கா. அஞ்சு மணிக்கு மேல யார் என்ன கத்தினாலும் எனக்குக் கவலையில்ல."

"ஏன் ஆன்ட்டி நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேட்கல."

மிளகு இதை எதிர்பார்க்கவில்லை. எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு எழுதினாள்.

அக்கா அதைப் படித்துவிட்டு முறைத்தாள். "நீ யார் பக்கம்டி?"

"உன் பக்கம்தான். ஆனா அவங்க நிஜமாவே தூங்கலக்கா. கண்ணு தக்காளி மாதிரி இருக்கு."

அக்கா டிரம்ஸ் குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அஞ்சரைக்கு மாத்திக்கலாம். ஏணிகிட்ட நான் பேசறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லிப்ட்டுக்கு எதிரே உள்ள கூடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. மிளகு தான் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். எல்லா எண்களையும் வாசித்தாள். நர்ஸ் சொன்னதில் இரண்டு பக்கத்தையும் மறைக்காமல் சொன்னாள். பின்வரிசையில் இருந்த நர்ஸ், "உண்மைதான்" என்றார்.

"அக்கா குழு நேரத்தை மாத்திக்கிட்டாங்க. உங்க வகுப்புலதான் அங்கிள் சத்தம் அதிகம். அப்ப அதையும் நிறுத்தணுமா?"

டேபிள் டென்னிஸ் பெரியவர்கள் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சத்தம் மட்டும் இல்லம்மா... வந்து... அந்த முடி, அந்த ஊக்கு, அந்தக் கறுப்புச் சட்டை. வெளியாளுங்க பார்த்தா நம்ம கட்டடத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

ஜாக்கெட்டே இல்லாமல் ஓரமாக நின்ற அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைப் பார்த்ததும் மிளகு நேராகப் போய் அறிவிப்பைச் சுவரிலிருந்து உரித்து எடுத்து வந்து, ஒரு பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"அப்ப இது தப்பு அங்கிள். சத்தம்ங்கிறதை அடிச்சிட்டுச் சரியான காரணத்தை எழுதுங்க. 'உங்க முடியும் சட்டையும் எங்களுக்குப் பிடிக்கல'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

செயலாளர் பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். பேனா இறங்கவில்லை.

"அது... எப்படிம்மா அப்படி எழுதறது?"

"சொல்ல முடிஞ்சுதே, எழுத முடியாதா?"

இப்படிக் கேட்டது மிளகு இல்லை. அம்மா! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "எழுதுங்க சார். என் பொண்ணு எட்டு மாசம் உட்கார்ந்து தச்ச சட்டை அது. வாசல்லேர்ந்து எல்லார் மளிகைப் பையையும் தூக்கிட்டு வர்றதும் அவதான். அதையும் சேர்த்து எழுதுங்க."

"சாயம் போட்ட முடி கூடாதுன்னா," என்று டேபிள் டென்னிஸ் பெரியவர் ஒருவர் மெதுவாகச் சொன்னார், "செயலாளரே, உங்க முடி இவ்வளவு கறுப்பா எப்படி?"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. செயலாளர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு அறிவிப்பை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வேறொரு அறிவிப்பு வந்தது. உடற்பயிற்சி வகுப்பு இனிப் பின்பக்கத் திடலில். இசைப் பயிற்சி மாலை ஐந்தரை முதல் ஏழு வரை. அவ்வளவுதான்.

மிளகு அதை மூன்று முறை படித்தாள். பிறகு காலால் தரையை உதைத்துக்கொண்டே கீழ்த்தளத்துக்குப் போனாள். ஊக்குகளைத் திரும்பக் குத்திய ஜாக்கெட்டோடு அக்கா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவர் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கலக்கா! ஒரு வார்த்தை! உன்னை அப்படிச் சொன்னாரே!"

"கேட்க மாட்டார்" என்றாள் அக்கா. "இன்னும் கோபமா இருக்கா?"

"ரொம்ப!"

"வீணாக்காதே. இங்க வா."

அக்காவின் தோழி மைக்கை மிளகின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தாள். ஏணி அண்ணன் கிட்டாரை மாட்டிக்கொண்டார்.

"பாட்டு நடுவுல ஒரு இடம் வரும். அங்க நீ கத்தணும்" என்றாள் அக்கா.

"என்னன்னு கத்தணும்?"

"உனக்குள்ள என்ன இருக்கோ அதை."

டிரம்ஸ் முழங்கியது. கிட்டார் சீறியது. அந்த இடம் வந்தது. மிளகு கண்ணை இறுக மூடி, மூச்சு முழுவதையும் இழுத்துக்கொண்டு கத்தினாள்.

கத்தி முடித்து மைக்கிலிருந்து விலகியபோது காது இரண்டும் குளிர்ந்திருந்தன. அவளுக்கு அகோரமாகப் பசித்தது.