வெளுக்காத தண்ணீர்

காலை ஏழு மணி. நேற்றெல்லாம் வெயில் காய்ந்த சாயக்கழிவுத் தொட்டித் தண்ணீர் இன்னும் ரத்தச் சிவப்பாகவே இருந்தது. சாயங்காலம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவார். அதற்குள் தெளியாவிட்டால் சாயப்பட்டறைக்குப் பூட்டு.

முதலாளி, விரலில் கட்டுப் போட்ட கையால், மேஸ்திரியின் சட்டையைப் பிடித்திருந்தார். "மருந்துப் பொடிய வித்துட்டு சுண்ணாம்பக் கலந்துட்டான். போலீசக் கூப்பிடறேன்."

"பொறுடா தம்பி. பட்டன் போச்சு பாரு" என்றபடி வந்தார் அவருடைய அக்கா. ஜவுளித் தரகில் பழம் தின்று கொட்டை போட்டவர். தொட்டியைக் கட்டியவள் முதலாளியின் மருமகள். அவளிடம் திரும்பினார்.

"அந்தப் பொடி என்னம்மா செய்யும்?"

"வெயில் பட்டா சாயத்தை உடைச்சுப் போடும் அத்தை. போன வாரம்கூட ஒரே பகல்ல தெளிஞ்சுது."

அக்கா தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் மொண்டு மதில்மேல் வைத்தார். பத்து மணிக்குக் கிண்ணம் வெளிறிவிட்டது. தொட்டி அப்படியே.

"பொடி அசல்தான். மேஸ்திரிய விடு. ஆமா, தொட்டியோட கண்ணாடி மூடி என்ன புது மாப்பிள்ளையாட்டம் மினுக்குது?"

"முந்தாநேத்து வரைக்கும் விரிசல் விட்ட பழசுதாங்க இருந்துச்சு" என்றார் மேஸ்திரி. "அம்மா மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"நீங்க மாத்தினதா நான் நெனச்சேன்" என்றாள் மருமகள்.

அக்கா தம்பியின் விரலைப் பார்த்தார். "கண்ணாடி கிழிச்சுதா?"

முதலாளி தரையைப் பார்த்தார். "அதிகாரி வர்ற நேரத்துல விரிசலோட இருந்தா மருமகளுக்குத்தான கௌரவக் குறைச்சல்? நம்ம துணிக்கடை ஷோகேசுக்கு வாங்கினதுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. சொல்லாம மாட்டினேன். உசத்தியான கண்ணாடிக்கா."

"உசத்திதான். அந்தக் கண்ணாடிய ஏன்டா வாங்கின?"

"வெயில்ல துணி வெளுக்கக் கூடாதுன்னு…" அவர் சட்டெனத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சாயத்தை வெளுக்க வைக்கிற கதிரைத்தான் அந்தக் கண்ணாடி தடுக்கும். பொடிக்கும் அதே கதிர்தான் சாப்பாடு. வெளிச்சம் உள்ள போகுதேன்னு நான் சும்மா இருந்துட்டேன்."

"கடையில சரக்கைக் காப்பாத்தினது இங்க அழுக்கையும் காப்பாத்திருக்கு. திருடன் யாருமில்ல தம்பி. உன் பாசம்தான் தப்பான இடத்துல உக்காந்துடுச்சு."

நாலு பேரும் சேர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்கள். வெயில் நேராக இறங்கியது. தண்ணீரின் சிவப்பு ரோஜா நிறமாகி, அதுவும் வெளிறி, அதிகாரி வரும்போது தொட்டியின் அடி தெரிந்தது.

அவர் போன பிறகு முதலாளி மேஸ்திரியின் பட்டனைத் தரையில் தேடி எடுத்து நீட்டினார். "தப்புதான்யா. கடைக்கு வா, புதுச் சட்டை எடுத்துக்க. என்ன கலர் வேணும்?"

மேஸ்திரி யோசித்தார். "எதுவானாலும் சரிங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கறதா பார்த்துக் குடுங்க."