மூன்று டம்ளர் மழை

தங்கை கதவைத் திறந்ததும் முதலில் வெயில் உள்ளே வந்தது. பேராசிரியை பிறகு வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, விஷயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அண்ணன் எடை அளவுத் துறையில் இருபத்தெட்டு வருடம் கள்ளத் தராசுகளைப் பிடித்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு எடைக்கல் என்றுதான் பெயர். இப்போது அடுத்தவர் புதிர்களை அவிழ்த்துக் கொடுக்கிறார். அவற்றை எழுதி வைப்பது தங்கையின் வேலை. எழுதுவதோடு நிற்காமல் நடுவில் மூக்கை நுழைப்பதும் அவள்தான்.

பருவநிலை மாற்றம் வெள்ளத்தையும் வறட்சியையும் எப்படிப் புரட்டிப் போடுகிறது என்று பன்னிரண்டு வருடமாக ஆராய்கிறவர் பேராசிரியை. வற்றிய ஏரிக்கரையில் அவருடைய மழைமானி நிற்கிறது. மேலே ஒரு புனல், கீழே ஒரு பெட்டி; விழுகிற தண்ணீரை அளந்து கால் மணிக்கொரு தரம் அனுப்பும். அந்த அளவு நீலக் கோடாக ஏறுவதை யாரும் போனிலேயே பார்க்கலாம். பருவ மழை ஐம்பது மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சுற்றியுள்ள நாற்பது கிராமங்களும் வறட்சிப் பட்டியலில் சேரும், தண்ணீர் லாரி வரும். மானி காட்டியது ஐம்பத்தெட்டு.

"அதுல முப்பது பொய்," என்றார் பேராசிரியை. "மூணு நாள், நாளுக்குச் சரியா பத்து மில்லிமீட்டர். மூணும் உச்சி வெயில்ல. அன்னிக்கெல்லாம் வானத்துல ஒரு மேகம் கிடையாது."

அதிகாரியிடம் சொன்னாராம். கருவி சொன்னதுதான் கணக்கு, அது பொய்யென்றால் எப்படி நடந்தது என்று காட்டுங்கள் என்றுவிட்டார்களாம். மாலைக்குள் பட்டியல் கையெழுத்தாகிவிடும். மானியைச் சுற்றியுள்ள வேலியின் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று பேராசிரியையிடம், ஒன்று அங்கே இருக்கும் காவலாளியிடம், மூன்றாவது பேராசிரியையுடன் சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போன அவருடைய மாணவனிடம். மாணவன்தான் என்று தங்கை அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டாள். நல்ல புதிர் கிடைத்த குஷியில் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள்.

ஏரி, வெடித்த மண்ணாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. காவலாளி தகரக் கூரை அறையிலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு குடம்தான் வருகிறதாம், அதுவும் ஆழ்குழாய்த் தண்ணீராம். அவர் மட்டும் குடிக்கவில்லை. தங்கை ஒரு வாய் குடித்தாள், உப்புக் கரித்தது. டம்ளரின் உட்புறத்தில் வெள்ளையாகக் கறை படிந்திருந்தது.

எடைக்கல் புனலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது. பக்கத்துக் கம்பத்தில் இருந்த சின்னக் கருவி என்னவென்று கேட்டார். அது வெயிலை அளப்பது, மழையோடு சேர்த்து அதுவும் பதிவாகும் என்றார் பேராசிரியை. மாணவனுக்கு அது தெரியுமா என்று கேட்டதற்கு, அதைப் பொருத்தியதே அவன்தான் என்றார்.

பிறகு எடைக்கல் காவலாளியின் டம்ளரை வாங்கி, விளிம்பு வரை நிரப்பித் தன் பையிலிருந்த அளவுக் குவளையில் ஊற்றினார். இருநூறு மில்லி. அந்தப் புனலுக்கு அது எவ்வளவு மழை என்று கேட்டார். பேராசிரியை மனதுக்குள் கணக்குப் போட்டார்.

"பத்து மில்லிமீட்டர்," என்றார்.

அறை வாசலிலேயே எல்லோரையும் உட்கார வைத்து அண்ணன் மெதுவாகப் பேசினார். "மழைத் தண்ணி காஞ்சா இப்படி உப்புக் கறை வைக்காது. இது நிலத்தடித் தண்ணி. ஊத்தினவருக்கு வெயில் கருவியைப் பத்தித் தெரியாது. தெரிஞ்சிருந்தா மேகம் போட்ட நாளாப் பார்த்து ஊத்தியிருப்பார். அதனால மாணவன் இல்ல. இந்த டம்ளர்தான் அளவு." காவலாளியின் பக்கம் திரும்பினார். "எப்படின்னு தெரிஞ்சுது. ஏன்னுதான் தெரியல. நீங்களே சொல்லிடுங்க."

காவலாளி மறுக்கவில்லை. அவருக்கு ஒரே தம்பி. ஏரியிலிருந்து போகும் ஓடையில் நாலு மைல் கீழே விவசாயம். இங்கே மழை பெய்தால் நாலாம் நாள் அவன் ஓடைக்குத் தண்ணீர் வரும். அதனால் தினமும் போனில் நீலக் கோட்டைப் பார்ப்பான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு ஊரை விட்டே போகிறேன் என்று மூன்று தடவை சொன்னான்.

"போனா திரும்ப மாட்டான் சார். அவன் சொன்ன அன்னிக்கெல்லாம் என் பங்குத் தண்ணியில ஒரு டம்ளர் ஊத்தினேன். ஒவ்வொரு தடவையும் இருந்துட்டான். தண்ணி ஏன் வரலன்னு அவன் கேட்டப்ப, வர்ற வழியிலயே மண்ணு குடிச்சிருக்கும்னு சொன்னேன். பட்டியல் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது."

தம்பியின் ஊரும் அந்த நாற்பதில் ஒன்று, பட்டியலில் சேராவிட்டால் அங்கேயும் தண்ணீர் லாரி வராது என்று பேராசிரியை சொன்னார்.

பேராசிரியை அதிகாரிக்குப் போன் போட்டார். ஒரே நிமிடத்தில் வைத்துவிட்டார். பட்டியல் மதியமே கையெழுத்தாகிவிட்டதாம்; இனி அடுத்த பருவத்தில் பார்க்கலாமாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்திருக்கிறோம் என்று முணுமுணுத்தார். பன்னிரண்டு வருடம் மழையைக் கணக்கெடுத்தும் நாற்பது ஊருக்கு ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தர முடியவில்லை என்றார். தங்கைக்குக் காலையில் தான் துள்ளிக்கொண்டு கிளம்பியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அப்போது காவலாளியின் போன் அடித்தது. பழைய போன், பேசுவது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணா, ரெண்டு நாளா கோடு ஏறலையே. மேல மழை இருக்கா?"

காவலாளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பொய் எடையைக் கண்டால் சும்மா விடாத எடைக்கல் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லடா," என்றார் காவலாளி. "பெய்யவே இல்ல. மூணு தடவையும் நான்தான் தண்ணி ஊத்தினேன். நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா," என்றான் தம்பி. "உன் மழையை நம்பி, இருந்த விதையெல்லாம் போன வாரம் மண்ணுல போட்டுட்டேனே."